பரம்பரை எனும் கணக்கு

நிலம் கைமாறக் கூடாது, சீர்வரிசை வெளியே போகக் கூடாது என்ற எண்ணத்தில் உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் மதுரையை அடுத்த பரவையிலும் வைகைக் கரைச் சிற்றூர்களிலும் இன்றும் உண்டு. பொருளியல் நோக்கில் இதன் காரணம் எளிதில் விளங்கும். ஆனால், சொத்தோடு சேர்ந்து மரபணுவும் அக்குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பரம்பரையின் கணக்கை எழுதிக் காட்டிய அறிஞர்களுள் முன்னவரான ஜே.பி.எஸ். ஹால்டேன், இந்தியக் குடிமகனாக இம்மண்ணிலேயே மறைந்தவர்.

1892 நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார் ஹால்டேன். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்டறிந்த விதிகள் ஏறத்தாழ 35 ஆண்டுகள் மறக்கப்பட்டு, 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டே அவை குறித்த சொற்பொழிவு ஒன்றுக்குத் தந்தை தம் மகனை அழைத்துச் சென்றார். அன்று விழுந்த விதை வீண்போகவில்லை. ஆக்ஸ்போர்டில் கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும் பயின்ற ஹால்டேன், அறிவியலில் பட்டம் எதுவும் பெறாமலேயே உலகின் தலைசிறந்த மரபியலாளர்களுள் ஒருவரானார்.

முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில் காயமுற்று, இந்தியாவில் தங்கி உடல் தேறினார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் பணியாற்றியபோது, இயற்கைத் தேர்வால் ஒரு பண்பு தலைமுறைதோறும் எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதை 1924 முதல் தொடர் கட்டுரைகளில் கணித்துக் காட்டினார்.

மனித மரபியலில் அவருடைய பெரும்பணி, குருதி உறையாமை நோயான ஹீமோபீலியாவைப் பற்றியது. இந்நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாயிடமிருந்து வருவது. எனவே, நோயின்றி மரபணுவை மட்டும் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. அந்நாளில் நோயுற்றோர் பெரும்பாலும் மகப்பேறின்றி இளமையிலேயே இறந்தனர். அப்படியானால் அந்நோய் ஏன் அற்றுப்போகவில்லை?

கண்மாயின் மடை வழியே நாள்தோறும் நீர் வெளியேறியும் மட்டம் குறையவில்லையெனில், எங்கிருந்தோ நீர்வரத்து இருக்கிறது என்பதை உழவர் அறிவார். ஹால்டேனும் அவ்வாறே சிந்தித்தார். இழக்கப்படும் மரபணுக்களுக்கு ஈடாகத் திடீர் மாற்றத்தால் புதியவை தோன்ற வேண்டும் என்று கருதி, அதன் வீதம் ஏறத்தாழ 50,000-இல் ஒன்று என 1935-இல் மதிப்பிட்டார். 1937-இல் ஜூலியா பெல்லுடன் இணைந்து, ஹீமோபீலியாவும் நிறக்குருடும் எக்ஸ் குரோமோசோமில் பிணைந்து செல்வதைக் காட்டினார்.

பரம்பரையின் பெயரால் மனிதரைத் தரம் பிரித்த காலம் அது. நாஜி ஜெர்மனியில் பல்லாயிரக்கணக்கானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அறிவியலின் பெயரால் நடந்த அந்த அநீதியை 1938-இல் வெளியான தம் நூலில் ஹால்டேன் கடுமையாகச் சாடினார். ஒடுங்கு பண்புக்கான மரபணுக்களில் பெரும்பங்கு நோயற்றவர்களிடமே மறைந்திருக்கும். நோயாளிகளைத் தண்டித்து அவற்றை ஒழித்துவிட இயலாது என்பதே மரபியல் கணக்கு.

சூயெஸ் கால்வாய்ப் பிரச்னையில் தம் நாட்டரசு நடந்துகொண்ட விதத்தால் மனம் கசந்து, 1957-இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியா வந்தார். கொல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும், பின்னர் புவனேசுவரத்திலும் பணியாற்றினார். இந்திய உடை, சைவ உணவு என வாழ்ந்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலேயே, உற்றுநோக்கலும் எண்ணிக்கையும் கொண்டு இந்தியாவில் உயர்ந்த ஆய்வு செய்யலாம் என்பது அவர் நம்பிக்கை. வலப்புறமோ இடப்புறமோ சுழன்று அமையும் தென்னை மட்டைகளின் வரிசை, தாய் மரத்திலிருந்து மரபாக வருவதன்று என்பதை அவருடைய சக ஆய்வாளர் டேவிஸ் கண்டறிந்தார். பிறப்பிலேயே அமைவன யாவும் பரம்பரையல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

நெருங்கிய உறவு மணம் குறித்து 1939-லேயே கணித ஆய்வு வெளியிட்டிருந்த ஹால்டேனுக்குத் தென்னிந்தியா அரிய களமாயிற்று. அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் இத்தகைய மணங்களை ஆராய்ந்தார். கணக்கு இதுதான்: ஒரே மூதாதையரின் ஒரே மரபணு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் குழந்தையிடம் இணைசேரும் வாய்ப்பு, அத்தை மகனை மணந்தால் 16-இல் ஒன்று, தாய்மாமனை மணந்தால் 8-இல் ஒன்று. மறைந்திருக்கும் குறையுள்ள மரபணு அவ்வாறு இணைசேரும்போதுதான் ஒடுங்கு நிலை நோய் வெளிப்படுகிறது. பெற்றோர் இருவரும் அதைச் சுமப்பவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயின் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இதில் தாய்க்கும் தந்தைக்கும் பங்கு சமம். ஆயினும், குறையோடு குழந்தை பிறந்தால் மருமகளின் ராசியைப் பழிக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. இது அறமுமன்று, அறிவியலுமன்று. பத்துப் பொருத்தம் பார்க்கும் பெரியோர், இரு வீட்டாரின் நோய் வரலாற்றையும் கேட்டறிவது நல்லது. தலசீமியா போன்ற நோய்களின் மரபணுவைச் சுமப்போரை இரத்தப் பரிசோதனையாலேயே அறியலாம். சுமப்பது இழிவன்று, தலசீமியா மரபணு மலேரியாவிலிருந்து காப்பளித்ததாலேயே நிலைத்திருக்கக்கூடும் என்று கருதியவரும் ஹால்டேனே.

1964 டிசம்பர் 1-ஆம் நாள் புற்றுநோயால் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. குலப்பெருமை பேசவும் பெண்ணைப் பழிக்கவும் பரம்பரை ஒரு சாக்கன்று. முன்கூட்டி அறிந்து முடிவெடுக்கத் துணைபுரியும் கணக்கு அது. உறவுக்குள் மணம் பேசும் ஒவ்வொரு வீடும் அக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.