காலத்தைக் கோடாக வரைந்தவர்

அரசரும் படைத்தலைவரும் புலவரும் உலகின் நினைவில் நிலைபெறுதல் இயல்பு. ஆலைக் கணக்கறையிலே கடதாசியிற் கோடு வரைந்த ஒரு பொறியியலாளரின் பெயரும் அவ்வாறு நிலைத்திருப்பது வியப்பிற்குரியது. வேலைத்திட்ட அட்டவணைகளோடு பல்லாண்டு பழகியவன் என்ற முறையில், ஹென்றி லோறன்ஸ் கான்ற் என்னும் அப்பெரியாரின் வாழ்வை வாசகர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

கான்ற், 1861ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே பிறந்தார். அடிமைகளின் உழைப்பால் வளம்பெற்ற பெருந்தோட்டக் குடும்பம் அவருடையது. அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் மூண்ட உள்நாட்டுப் போர் அச்செல்வத்தை அழித்தது. வறிய சிறுவர்க்கென நிறுவப்பட்ட மக்டொனோ பாடசாலையிலே அவர் பயின்றார். 1880இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பின்னர், தாம் பயின்ற பாடசாலையிலேயே ஆசிரியராக விளங்கி, 1884இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பொறியியற் பட்டமும் பெற்றார்.

1887இல் மிட்வேல் உருக்காலையிற் சேர்ந்த கான்ற், அங்கே பிரெடெரிக் ரெயிலரின் துணைவரானார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளந்தவர் ரெயிலர். அவரிடம் அளவையின் அருமையைக் கற்ற கான்ற், தமக்கென வேறொரு வழியையும் கண்டார். 1901இல் பெத்லகேம் உருக்காலையில் அவர் வகுத்த முறைப்படி, குறித்த வேலையை முடிக்காதவனுக்கும் நாட்கூலி உறுதி. முடித்தவனுக்கு மேலதிகக் கொடுப்பனவு. தொழிலாளர் வெற்றிபெறுந்தோறும் மேற்பார்வையாளனுக்கும் ஊக்கத்தொகை உண்டு. ஆதலால் அதட்டுவதிலும் கற்பிப்பதே அவனுக்கு இலாபமாயிற்று. ஆசிரியராயிருந்தவரின் உள்ளத்தை இவ்வேற்பாட்டிலே நான் காண்கின்றேன்.

நாளாந்த உற்பத்தியை வரைபடத்தாற் காட்டும் முறை பற்றி 1903இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அது வளர்ந்து, முதலாம் உலகப் போரின்போது ஆயுத உற்பத்தியிலும் கப்பல் கட்டுவதிலும் பயன்பட்டது. போலந்துப் பொறியியலாளர் கரோல் அடமியெக்கி 1896இலேயே இதையொத்த முறையொன்றை அமைத்திருந்தார் என்பதையும் நீதி கருதிக் கூறல் வேண்டும்.

அவ்வரைபடத்தின் இயல்பு எளிது. கடதாசியை நாட்களாகவோ கிழமைகளாகவோ கட்டமிடுவர். ஒரு நாளின் கட்டம் அந்நாளுக்குத் திட்டமிட்ட வேலையைக் குறிக்கும். பாதி வேலை முடிந்தாற் கோடும் பாதியிலே நிற்கும். அதுவரை முடிந்த மொத்த வேலையைத் தடித்த கோடு காட்டும். இன்றைய திகதியை அக்கோடு எட்டாவிடின் வேலை பிந்திவிட்டது என்பது எவர்க்கும் புலனாகும்.

அவரது சிறப்பு அதற்கும் அப்பாலுள்ளது. கோடு குறுகிய இடத்திலே அதற்குக் காரணத்தையும் எழுத்தாற் குறித்தனர்: மூலப்பொருள் வரவில்லை, இயந்திரம் பழுது, அறிவுறுத்தல் கிடைக்கவில்லை என்றவாறு. தடைகளுட் பல, தொழிலாளியின் கையில் அல்லாது நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. தொழிலாளியைக் கண்காணிக்க எழுந்ததாகப் பலர் கருதும் கருவி, மேலிடத்தையும் கணக்குக் கேட்டது.

1919 நவம்பர் 23ஆந் திகதி, தமது 58ஆவது வயதிலே கான்ற் மறைந்தார். அவருடன் பணியாற்றிய வாலஸ் கிளார்க் 1922இல் எழுதிய நூல் அவ்வரைபடத்தைப் பிறநாடுகளுக்கும் கொண்டுசென்றது. 1929இல் அவர் பெயராற் பதக்கமொன்றும் நிறுவப்பட்டது.

இன்று அவ்வரைபடம் கணினித் திரையிலே வாழ்கின்றது. அன்று கையாற் கோடிட்ட இடத்தில், இன்று முடிந்த வேலையின் நூற்றுவீதத்தைப் பதிந்தாற் போதும். பட்டையை இழுத்தால் முடிவுத்திகதி நகர்ந்துவிடுகின்றது. அவ்வெளிமையே எனக்கு அச்சந் தருகின்றது. முதலிற் குறித்த திகதியைச் சேமித்து வையாது பட்டையை நகர்த்துவோமாயின், தாமதம் மறைந்து யாவும் ஒழுங்காய் நடப்பதுபோல் தோன்றும். தாமதத்தின் காரணமும் உடன் மறைய, பழி கீழுள்ளவன் தலையில் விழும். அட்டவணையைத் திருத்துவோர் பழைய திகதியையும் பேணி, பிந்தியதன் காரணத்தையும் அருகே எழுதுவாராக. கான்ற் நமக்கு விட்டுச்சென்ற கோட்டிற்கு அதுவே நாம் செய்யும் மரியாதை.