பேனா பிடிக்க வராத பெண் 115 நாவல் எழுதினார்!

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில், சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிடும். கதை கேட்கத்தான். சொன்னவர் கோதைநாயகி. பள்ளிக்கூடம் போகாதவர்.

1901-ல் பிறந்த அவருக்கு ஐந்தரை வயதிலேயே கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு வயது 9. பெயருக்கு முன்னால் உள்ள "வை.மு." கணவர் வீட்டு அடையாளம்தான். கம்பராமாயண உரை எழுதிய வை.மு.கோ. அந்தக் குடும்பம்.

கணவர் நாடகப் பிரியர். மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். பார்க்கப் பார்க்க, தானும் ஒன்று எழுதினால் என்ன என்று இவருக்கு ஆசை வந்தது. கதை மனதில் ஓடுகிறது, கை ஓடவில்லை. தோழி பட்டம்மாளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் "இந்திர மோகனா" நாடகம். அப்புறம் அதே தோழியிடம் எழுதக் கற்றுக்கொண்டார். கூச்சப்படவில்லை!

பத்திரிகை

1925-ல் "ஜகன்மோகினி" மாதப் பத்திரிகை இவர் கைக்கு வந்தது. துப்பறியும் நாவல் வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஒத்தாசை செய்தார். முதல் நாவல் "வைதேகி" அதில்தான் தொடராக வந்தது. ஆசாரமான ஐயங்கார் வீட்டு மருமகள் பத்திரிகை நடத்துவதாவது என்று ஊர் ஏசியது. மேடையேறிப் பேசியபோது இன்னும் ஏசியது. கணவர் பக்கபலமாக நின்றார். பத்திரிகை நின்றுவிடவில்லை, ஏறக்குறைய 35 வருஷம் ஓடியது. யுத்த காலத்தில் ஊரே சென்னையைக் காலி செய்தபோது, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய் அங்கிருந்தும் நடத்தினார்.

ஜெயில்

காந்திஜியைப் பார்த்த பிறகு பட்டும் நகையும் போய் கதர் வந்தது. கள்ளுக்கடை மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார். பத்திரிகையைக் கணவர் கவனித்துக்கொள்ள, இவர் உள்ளே நாவல் எழுதினார்! குரலும் நல்ல குரல். பாரதி பாட்டை மேடைகளில் பாடினார்.

மகன் சாவு

1956-ல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்த அடி அவரைச் சாய்த்துவிட்டது. காசநோயும் பிடித்துக்கொண்டது. 1960 பிப்ரவரியில், தாம்பரம் சானடோரியத்தில் காலமானார்.

ஆறு வருஷம் கழித்து "சித்தி" படம் வந்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர்.ராதா நடித்து சக்கைப்போடு போட்டது. அது கோதைநாயகியின் "தயாநிதி" நாவல்.