பெக்கிக் குன்றின் சிறு வீடு
புனித தொன் போஸ்கோவும் அவர் தாயாரும்



ஜூபிலி மலருக்கு ஒரு புனிதருடைய சரித்திரத்தை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் தொன் போஸ்கோதான். அவருடைய பள்ளிகளையும், தொழிற்கூடங்களையும், சலேசிய சபையையும் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். 1906-ம் ஆண்டு அந்தச் சபையார் நமது தஞ்சாவூருக்கு வந்து இறங்கியதிலிருந்து, தமிழ் மண்ணிலே அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, அவருடைய வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். பங்குக் குருவின் அறைக் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சண்டையைத்தான் கொண்டுவருகிறார்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வட இத்தாலியில், பியேமோந்து நாட்டிலே, கஸ்தெல்நுவோவோ என்ற ஊரைச் சேர்ந்த பெக்கி என்னும் குன்றின்மேல், 1815 ஆகஸ்டு 16-ந் தேதி ஜான் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் போஸ்கோ ஏழை விவசாயி. முதல் மனைவி 1811-ல் இறந்துபோக, அந்தோணி என்ற சிறு பையனை வைத்துக்கொண்டு தவித்தவர், மார்கரீத் என்னும் பெண்ணை இரண்டாந்தாரமாக மணந்தார். அவர்களுக்குச் சூசை என்றும் ஜான் என்றும் இரு பிள்ளைகள். பக்கவாதத்தால் நடமாட முடியாத பாட்டியும் அந்த வீட்டிலேதான். 1817-ம் ஆண்டு தொடக்கத்தில் பிரான்சிஸ் நூறு லீரா கொடுத்து, தொழுவமும் வைக்கோல் பரணுமாக இருந்த ஒரு சிறு கட்டடத்தை வாங்கினார். அதைச் செப்பனிட்டுக் குடிபோக வேண்டுமென்பது அவர் எண்ணம். ஆனால் மே மாதத்தில் ஒரு நாள், வயல் வேலை முடிந்து வியர்வையோடு வந்தவர் குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார், காய்ச்சல் கண்டது, சில நாளில் மரித்துப்போனார். அப்போது மார்கரீத்துக்கு வயது 29. அந்தோணிக்கு ஒன்பது, சூசைக்கு நாலு, ஜானுக்கு இரண்டுகூட நிறையவில்லை.

அந்த வருடம் பஞ்சம். பணம் கொடுத்தாலும் தானியம் கிடைக்கவில்லை. மார்கரீத் முழங்காற்படியிட்டுச் செபித்துவிட்டு, எழுந்துபோய்த் தொழுவத்திலிருந்த கன்றுக்குட்டியை அடித்துச் சமைத்துப் பிள்ளைகளின் பசியாற்றினார். விவசாயக் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய நஷ்டமென்று நம் கிராமத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நல்ல இடத்திலிருந்து மறுமணத்துக்குப் பேச்சு வந்தது. பிள்ளைகளை ஒரு காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் மறுத்துவிட்டார். கணவர் வாங்கிப்போட்ட அந்தத் தொழுவ வீட்டையே குடியிருக்கத் தக்கதாக்கி, ஆண்டு முடியுமுன் மாமியாரையும் மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபுகுந்தார்.

ஜான் அந்த வீட்டிலே வளர்ந்தார். சந்தையில் வித்தைக்காரர் காட்டும் வேடிக்கையைப் பார்த்துவந்து, புல்வெளியில் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, தாமே அதன்மேல் நடந்து காட்டுவார். கூட்டம் கூடும். ஆனால் கட்டணம் உண்டு. முதலில் எல்லாரும் செபமாலை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஜான் திருப்பிச் சொல்லுவார், அதைக் கேட்க வேண்டும். கேட்க மனமில்லாதவர் வேடிக்கையும் பார்க்க முடியாது. (இந்த முறையை நானும் ஒரு முறை முயன்று பார்த்தேன். எனக்குக் கயிற்றில் நடக்கத் தெரியாததால் கூட்டம் நிற்கவில்லை.)

இனி அந்தோணியைப் பற்றி. பல வருடங்களாக நான் பிரசங்கத்திலே அந்தோணியைப் பொல்லாத அண்ணனாகவே காட்டிவந்தேன். தம்பி சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை வைத்தால் சண்டை. படிப்பு எதற்கு, மண்வெட்டியைப் பிடி என்று ஏச்சு. கடைசியில் பன்னிரண்டு வயதளவில் இருந்த பையனை வீட்டை விட்டே போகச் செய்தவன். நடந்தது அப்படித்தான். ஆனால் ஒரு நாள், மூத்த தாரத்து மகன் ஒருவர் பாகப்பிரிவினை விஷயமாக என்னிடம் வந்து, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அழுதார். அவர் போன பிறகு எனக்கு அந்தோணியின் கணக்கு வேறு விதமாகத் தெரிந்தது. மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தவன். ஒன்பது வயதில் தகப்பனை. பால் மணம் மாறுமுன் ஏரைப் பிடித்தவன். தான் உழைத்த சோற்றைத் தின்றுவிட்டு மாற்றாந்தாய் மகன் லத்தீன் படிக்கப் போகிறான் என்றால், அவன் வயிறு எரியாதிருக்குமா?

மார்கரீத் அவனை ஒருபோதும் மாற்றான் பிள்ளையாக நடத்தவில்லை. ஆனால் சமாதானமும் வரவில்லை. கடைசியில் ஒரு பிப்ரவரி மாதக் குளிரிலே, ஒரு துணி மூட்டையைக் கொடுத்துத் தன் கடைசி மகனை வேலை தேடிக்கொள்ள அனுப்பினார். மொன்குக்கோவுக்கு அருகே மோல்யா குடும்பத்தாரின் பண்ணையில் ஜான் மாடு மேய்த்துக்கொண்டு 1829 நவம்பர் வரை இருந்தார். அந்தத் தாய் செய்தது சரியா? மூத்தவனை அல்லவா கண்டித்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இரு பக்கமும் பிள்ளைகளாக இருக்கும்போது தாய் எந்தப் பக்கம் வெட்டுவாள்? பிற்பாடு சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தோணி தனியே குடித்தனம் செய்து 1849-ல் மரித்தார். சூசை, தாயையும் தம்பியையும் விட்டுப் பிரியவில்லை. அதிகம் பேசப்படாத இந்தச் சூசையை நாம் மறந்துவிடக் கூடாது. தானோ படிக்கவில்லை, தம்பி படிக்கட்டும் என்று உழுதார்.

ஜான் கியேரி நகரில் படித்த வருடங்களில் சாப்பாட்டுக்காகச் செய்யாத வேலையில்லை. காப்பிக் கடையில் எடுபிடி, தையல், கொல்லுலை, தச்சு வேலை எல்லாம் கற்றார். அப்போது அவமானமாகத் தோன்றியிருக்கலாம். 1841 ஜூன் 5-ந் தேதி குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரில் அநாதைச் சிறுவர்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, இந்தக் கைத்தொழில்களெல்லாம் கைகொடுத்தன. இடமில்லாமல் அலைந்து அலைந்து, 1846 பாஸ்கு திருநாளன்று வால்தோக்கோவில் பினார்தி என்பவருடைய கொட்டகைக்குள் பையன்களோடு நுழைந்தார். கூரை மிகவும் தாழ்வு. கூரையை உயர்த்த வழியில்லாததால் தரையைத் தோண்டிப் பள்ளமாக்கிப் பலகை அடித்தார்கள். அப்படியும் போதவில்லை. 1847-ல் பேராயர் பிரான்சோனி ஆண்டகை அங்கே வந்தபோது, தலையிலிருந்த மகுடம் கூரையில் இடித்ததாம்! இன்றைய நம் கோவிலின் உயரத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் அந்தக் கொட்டகையையும் நினைத்துக்கொள்ளலாம்.

அதே 1846-ல் அவர் கடும் நோயில் விழுந்து பிழைத்தார். இளைப்பாறப் பெக்கிக்கு வந்தவர், திரும்பும்போது தாயாரைத் தம்மோடு வரும்படி கேட்டார். மார்கரீத்துக்கு வயது 58. சூசையின் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்த காலம். தேவ சித்தம் அதுவானால் வருகிறேன் என்று புறப்பட்டார். நவம்பர் 3-ந் தேதி தாயும் மகனும் தூரினுக்கு நடந்தே போனார்கள். கையில் ஒரு கூடை, சில துணிகள், அவ்வளவுதான். தம்முடைய கலியாணப் புடைவையையும் சிறு நகைகளையும் அவர் அதுவரை பத்திரமாக வைத்திருந்தார். அவை பீட வஸ்திரங்களாகவும் பையன்களின் சோறாகவும் மாறின.

பத்து வருடம் அந்தத் தாய் பிறர் பெற்ற பிள்ளைகளுக்குச் சமைத்தார், கிழிந்த துணிகளைத் தைத்தார். 1847 மே மாதம் மழையில் நனைந்து வந்த ஓர் அநாதைப் பையனை அடுக்களையில் படுக்க வைத்ததிலிருந்து அந்த வீடு விடுதியாயிற்று. பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? அவர் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தைப் பையன்கள் போர் விளையாட்டு விளையாடி மிதித்து நாசமாக்கினார்கள். மற்றொரு நாள் துவைத்துப் போட்ட துணிகள் மண்ணிலே. ஒரு மாலையில் அவர் மகனிடம் சென்று, தம்மால் இனி முடியாது, பெக்கிக்கே போய்விடுகிறேன் என்றார். தொன் போஸ்கோ தர்க்கம் செய்யவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். அந்த அம்மாள் சற்றே நோக்கிவிட்டு அடுக்களைக்குத் திரும்பிப்போனார். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

1853-ல் செருப்பு வேலைக்கும் தையலுக்கும் முதல் தொழிற்கூடங்கள் வீட்டுக்குள்ளேயே ஏற்பட்டன. சுவாமியே செருப்புத் தைக்கிறவனின் பலகையில் உட்கார்ந்து தோலைத் தட்டிக் காட்டினார். அதற்கு முந்தின வருடம், டிசம்பரில், கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடம் இரவில் இடிந்து விழுந்தது, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. மறுபடி கட்டினார்கள்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன மற்றொரு காரணம். சென்ற கோடையில் நம் இளையோரை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப்போனேன். முதல் நாளே மழை. அரிசி கொண்டுவந்த வண்டி நேரத்துக்கு வரவில்லை. இரண்டு பையன்கள் சொல்லாமல் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். நான் கோபத்தில் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். திரும்பி வந்து, இனி முகாமே வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். அப்போதுதான் தொன் போஸ்கோவின் இலையுதிர்கால நடைப் பயணங்களைப் பற்றி மறுபடியும் படித்தேன்.

அக்காலத்தில் அக்டோபர் மாதம் முதல் ஞாயிறு செபமாலை மாதா திருநாளாக இருந்தது. விடுமுறையில் சும்மா திரிந்து கெட்டுப்போகாதபடி, தொன் போஸ்கோ பையன்களைப் பெக்கிக்கு நடத்திப்போவார். அங்கே சூசை தம் வீட்டின் ஓர் அறையை மாதாவுக்குச் சிற்றாலயமாக விட்டுக்கொடுத்திருந்தார். 1848-ல் அது மந்திரிக்கப்பட்டது. பையன்களுக்குப் படுக்கை சூசையின் வைக்கோல் பரண். சாப்பாடு சோளமாவுக் களி. திராட்சை அறுவடைக் காலமாதலால் பழத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு விவசாயி வருடந்தோறும் தன் வீட்டை இப்படித் திறந்துவிடுவதென்றால், அந்த வீட்டம்மாளின் மனதும் பெரிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1854 அக்டோபர் 2-ந் தேதி, அந்த வீட்டருகேதான் தோமினிக் சாவியோ தம் தகப்பனாரோடு வந்து தொன் போஸ்கோவைச் சந்தித்தார்.

பின்னாளில் இந்த நடை நீண்டது. நூறு பையன்களளவில், மொன்பெராத்தோ குன்றுகளில் ஊர் ஊராகப் போனார்கள். முன்கூட்டியே அந்தந்த ஊர்ப் பங்குக் குருக்களுக்கும் உபகாரிகளுக்கும் எழுதி, எங்கே உண்பது, எங்கே படுப்பது என்று ஒழுங்கு செய்துவிடுவார். (இதைத்தான் நான் சரியாகச் செய்யவில்லை.) முன்னே வாத்தியக் குழு முழங்கிக்கொண்டு ஊருக்குள் நுழையும். காலையில் கோவிலில் பாவசங்கீர்த்தனம், பூசை, பாட்டு; மாலையில் ஊர்மக்களுக்கு நாடகம். 1864-ல் ஜெனோவா வரைக்கும் போனார்கள். அந்தப் பயணத்தில்தான் மொர்னேசே ஊரில் மரிய மசரெல்லோவைக் கண்டார். அவரைக்கொண்டே 1872-ல் கன்னியர் சபை உண்டாயிற்று. 1864-க்குப் பின் அந்த நெடும் பயணங்கள் நின்றுவிட்டன.

மார்கரீத் அம்மாள் அந்தப் பெரிய பயணங்களைப் பார்க்கவில்லை. 1856 நவம்பர் 25-ந் தேதி, நிமோனியாக் காய்ச்சலால் வால்தோக்கோவில் மரித்தார். பொதுக் குழியிலே அடக்கம், கல்லறைகூட இல்லை. 2006-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. மகனோ 1888 ஜனவரி 31-ல் இறந்து, 1934 பாஸ்கு திருநாளில் புனிதர் பட்டம் பெற்றார்.

தாய் இறந்த அன்று விடியுமுன், தொன் போஸ்கோ ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஆறுதல் மாதா கோவிலுக்கு நடந்துபோய்ப் பூசை வைத்தார். பிறகு மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் இனிமேல் வீட்டிலே தாய் இல்லையென்றும், அந்த இடத்தை மாதாவே எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் மன்றாடினார். பின்பு எழுந்து, பையன்களுக்குக் காலைச் சாப்பாடு யார் சமைப்பது என்று பார்க்க வீடு திரும்பினார்.