பெங்களூரைப் பூக்க வைத்த தோட்டக்காரர்

சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம் என்று ஓர் ஊர். வெயில் கொளுத்தும் பூமி. வேம்பும் பனையும் சீமைக்கருவேலும்தான் அந்த வட்டாரத்தில் யாரும் கேட்காமலே வளரும். பட்டாசும் தீப்பெட்டியும் அங்கே சோறு போடுகின்றன. அச்சுத் தொழிலும் அப்படியே. சிவகாசியில் அச்சாகும் காலண்டர்கள் நாடெங்கும் போகின்றன.

அந்தக் காலண்டர்களில் சாமி படம் இருக்கும். சிரிக்கும் குழந்தை படம் இருக்கும். பூந்தோட்டப் படமும் இருக்கும். பாத்தி பாத்தியாகப் பூக்கள், நடுவே நீரூற்று, பின்னால் ஓர் அணை என்று படம் இருந்தால், அது மைசூர் பிருந்தாவனம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். சொட்டுத் தண்ணீருக்குக் குடம் தூக்கும் வீட்டிலும் அந்தப் படம் சுவரில் தொங்கும்.

அந்தத் தோட்டத்தைப் போட்டவர் யார்? மகாராஜா என்று சிலர் சொல்வார்கள். திவான் என்று சிலர் சொல்வார்கள். உத்தரவு போட்டவர்கள் அவர்கள். வடிவம் கொடுத்தவர் ஒரு தோட்டக்காரர். ஜெர்மனி தேசத்துக்காரர். தோட்டத்தில் வேலை பழகும் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் பெயர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல்.

தொழில் பழகுவது என்றால் என்ன என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1922-ம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கையால் செய்து பழகினார்கள். ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். அந்தத் தொழில் ஒரு வட்டாரத்தையே மாற்றிவிட்டது. கிரும்பிகல் கதையும் அந்த மாதிரிதான். அவர் பழகியது நெருப்புத் தொழில் அல்ல, பூத் தொழில். அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆற்றங்கரை அரண்மனை

1865-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி கிரும்பிகல் பிறந்தார். ஊர் லோமன். ஜெர்மனியில் சாக்சனி நாட்டில், டிரெஸ்டன் நகரத்துக்கு அருகே உள்ள சிற்றூர் அது. சிறு வயதிலேயே அவர் மனம் செடி கொடிகளில் போயிற்று. பில்நிட்ஸ் என்ற இடத்தில் தோட்டத் தொழில் பழகினார்.

பில்நிட்ஸில் எல்பே ஆற்றங்கரையில் சாக்சனி அரசர்களின் அரண்மனை இருக்கிறது. அதைச் சுற்றிப் பெரிய தோட்டம். அங்கே ஒரு கமேலியா மரம் உண்டு. ஜப்பான் பக்கத்துச் செடி. 1801-ல் அதை இப்போதுள்ள இடத்தில் நட்டார்கள். ஜெர்மனியின் பனிக்காலத்தை அது தாங்காது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் குளிர் வரும்போது அந்த ஒரு மரத்தைச் சுற்றி மரப்பலகையால் வீடு கட்டுவார்கள். உள்ளே கணப்பு மூட்டுவார்கள். வெயில் வந்ததும் வீட்டைப் பிரித்துவிடுவார்கள். ஒரு மரத்துக்காக ஆண்டுதோறும் ஒரு வீடு! இப்படிப்பட்ட ஊரில் தொழில் பழகிய பையன் செடியை எப்படி மதிப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் தோட்டத் தொழிலுக்கு ஒரு முறை இருந்தது. பையன் சில ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்து வேலை பழக வேண்டும். பிறகு கூலி ஆளாக ஊர் ஊராகப் போய், பல தோட்டங்களில் பல பேரிடம் வேலை செய்ய வேண்டும். அதன் பிறகுதான் அவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வார்கள்.

வந்தவுடனே பூச்செடியைத் தொட விடமாட்டார்கள். தொட்டி கழுவ வேண்டும். மண் சலிக்க வேண்டும். களை பிடுங்க வேண்டும். இலை மக்கிய உரத்தைக் கூடையில் சுமக்க வேண்டும். குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டின் அடுப்பு இரவில் அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அடுப்பு அணைந்தால் ஒரு வருஷ உழைப்பு உறைந்துபோகும்.

தொட்டிக்குத் தண்ணீர் விடுவதிலும் பாடம் உண்டு. நினைத்தபோதெல்லாம் பூவாளியைத் தூக்கக் கூடாது. மண் தொட்டியை விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்று ஒலித்தால் உள்ளே மண் காய்ந்திருக்கிறது, தண்ணீர் விடலாம். ஒலி மந்தமாக வந்தால் ஈரம் இருக்கிறது, விடக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் பானையைத் தட்டி வாங்குகிறார்களே, அதே காதுதான் வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கைக்கு வருவதற்கு மாதக் கணக்காகும். பிளாஸ்டிக் தொட்டி வந்த பிறகு இந்த வித்தை மறைந்து வருகிறது. பிளாஸ்டிக் பேசாது.

கிரும்பிகல் இந்த வழியில்தான் வந்தார். 1884-ல் ஷ்வெரின் என்ற நகரில் வேலை செய்தார். 1885 முதல் 1887 வரை ஹாம்பர்க் நகரில் இருந்தார். 1888-ல் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 22.

லண்டனில் கோலம்

லண்டன் நகரின் நடுவே ஹைட் பார்க் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உலாவலாம். சீமாட்டியும் வருவாள், கூலிக்காரனும் வருவான். அரண்மனைத் தோட்டத்தை அரசர் மட்டும் பார்த்தால் போதும். பொதுப் பூங்காவை ஊரே பார்க்கும். ஊரே குறையும் சொல்லும்!

அங்கே கிரும்பிகலுக்குப் பூப்பாத்தி அமைக்கும் வேலை கிடைத்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பூப்பாத்தி என்றால் பெரிய மோகம். நாம் வாசலில் மாவால் போடும் கோலத்தை அவர்கள் தரையில் செடியால் போட்டார்கள். கயிறு பிடித்து, முளை அடித்து, கோடு கிழிப்பார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று ஆயிரக் கணக்கான நாற்றுகளை வரிசை தப்பாமல் நடுவார்கள். பருவம் முடிந்ததும் அத்தனையையும் பிடுங்கிவிட்டு அடுத்த கோலம். ஒரே ஒரு செடி வாடினாலும் கோலத்தில் ஓட்டை விழும். அதற்குப் பதில் வைக்க முன்கூட்டியே நாற்று தயாராக இருக்க வேண்டும். எந்த வாரம் எது பூக்கும் என்று மனக்கணக்குப் போடத் தெரியாதவன் அந்த வேலைக்கு ஆகமாட்டான். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பெங்களூரில் இது பெரிதாக வரப் போகிறது.

பிறகு கியூ தோட்டத்தில் சேர்ந்தார். உலகத்திலேயே பெயர் பெற்ற தாவரத் தோட்டம் அது. அங்கே இளம் தோட்டக்காரர்கள் பகலில் மண்ணில் வேலை செய்வார்கள். மாலையில் பாடம் கேட்பார்கள். கியூவில் பழகியவர்களைத் தேடி உலகின் நாலா பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும். நம் உதகமண்டலம் தாவரத் தோட்டத்தை 1848 முதல் உருவாக்கிய மெக்ஐவர் என்பவரும் கியூவிலிருந்து வந்தவர்தான்.

கிரும்பிகலுக்கும் அழைப்பு வந்தது. அனுப்பியது பரோடா சமஸ்தானம். 1893-ல் அவர் இந்தியாவில் கால் வைத்தார்.

இங்கே எல்லாம் தலைகீழ். ஐரோப்பாவில் தோட்டக்காரனுக்கு எதிரி குளிர். இங்கே எதிரி வெயில். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் செல்லம் கொடுத்து வளர்த்த செடி இங்கே தெரு ஓரத்தில் தானாக நிற்கிறது. அங்கே வெட்டவெளியில் வளர்ந்தது இங்கே நிழல் கேட்கிறது. எத்தனை ஆண்டு பழகியவனும் மறுபடி பையனாக வேண்டியதுதான். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அவர் பதினைந்து ஆண்டுக் காலம் பணி செய்தார். 1908-ல் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அவரைப் பெங்களூருக்கு வரவழைத்தார். லால்பாக் தோட்டம் அவர் கைக்கு வந்தது.

மாதம் ஒரு நிறம்

லால்பாக் ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். திப்பு சுல்தான் அதை வளர்த்தார். பின்னால் ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தது. ஜான் கேமரூன் என்பவர் காலத்தில், 1889-ல், அங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கேமரூனுக்குப் பிறகுதான் கிரும்பிகல்.

தோட்டத்தின் மதிலோடு அவர் நின்றுவிடவில்லை. பெங்களூர்த் தெருக்களையே தோட்டமாக நினைத்தார். தெருவில் மரம் நடுவது புதிய விஷயம் அல்ல. அசோகர் நட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ஆனால் எல்லா மரமும் சித்திரையில் பூத்துவிட்டால், மற்ற மாதங்களில் ஊர் வெறும் பச்சையாகத்தானே நிற்கும்? அதற்கு அவர் ஒரு வழி செய்தார். ஒரு வகை பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்க வேண்டும். அப்படி வகை பார்த்து மரங்களை வைத்தார். ஹைட் பார்க் பாத்தியில் பழகிய கணக்குதான். அங்கே ஒரு பாத்தி, இங்கே ஒரு நகரம்.

பெங்களூரில் மாசி, பங்குனியில் ஜகரந்தா மரம் ஊதாப் பூவாகச் சொரியும். அது முடியும்போது இயல்வாகை மஞ்சளாகப் பூக்கும். கோடையில் மயிற்கொன்றை தீப்பிடித்தது போல் சிவக்கும். பூமருது இளஞ்சிவப்பாய் நிற்கும். மழை ஓயும் நாளில் மரமல்லி வெள்ளையாய் உதிர்ந்து மணக்கும். இந்த மரங்கள் எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்தார் என்று சொல்லக் கூடாது. அவருக்கு முன்னால் கொண்டுவந்தவர்கள் உண்டு. பின்னால் நட்டவர்களும் உண்டு. மாதத்துக்கு ஒரு நிறம் என்ற திட்டத்துக்குத்தான் அவர் பெயர் சொல்கிறார்கள்.

மரம் வைத்தவன் அதன் முழு நிழலில் உட்கார முடியாது என்று நம் ஊரில் சொல்வதுண்டு. கிரும்பிகல் விஷயத்தில் அது பொய்த்தது. அவர் தொண்ணூறு வயது இருந்தார். தாம் நட்ட கன்று மரமாகிப் பூப்பதைக் கண்ணால் பார்த்தார்.

திட்டம் ஒருவருடையது. மண்ணைக் கொத்தியவர்கள் பல பேர். பெங்களூரில் திகளர் என்ற வகுப்பார் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்பவர்கள். தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். பெங்களூரின் பேர் பெற்ற கரகத் திருவிழா அவர்களுடையது. அந்த ஊரின் பூவுக்கும் காய்க்கும் பின்னால் அவர்கள் கை இருக்கிறது. அவர்கள் பெயரில் லால்பாக்கில் ஒரு பாதை இருந்தால் நன்றாக இருக்கும் என்பது இதை எழுதுபவனின் ஆசை.

1912-ல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிற்று. அதில் கிரும்பிகலுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கிறது. லட்சக் கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள்.

எதிரி நாட்டவர்

1914-ல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனி ஒரு பக்கம், பிரிட்டன் ஒரு பக்கம். இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பெங்களூரிலோ பெரிய ராணுவ முகாம். நேற்றுவரை ரோஜாச் செடிக்கு யோசனை கேட்டவர்களுக்கு இன்று கிரும்பிகல் எதிரி நாட்டு ஆள்! அவரைக் காவலில் வைத்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் இந்த மண்ணைக் கொத்தியது அப்போது கணக்கில் வரவில்லை.

போருக்குப் பிறகும் மைசூர் அரசு அவரைக் கைவிடவில்லை. அவர் மறுபடி லால்பாக்கைக் கவனித்தார். இதன் பிறகு வந்ததுதான் அவருடைய பெரிய காரியம்.

காவேரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையை 1911-ல் கட்டத் தொடங்கியிருந்தார்கள். விசுவேசுவரையா அதன் பொறியாளர். அணைக்குக் கீழே கல்லும் மண்ணும் குவிந்து கிடந்த இடத்தைத் தோட்டமாக்க வேண்டும் என்று திவான் மிர்சா இஸ்மாயில் விரும்பினார். காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டம் அவர் மனத்தில் இருந்தது. வடிவமைக்கும் பொறுப்பு கிரும்பிகலிடம் வந்தது. 1927-ல் வேலை தொடங்கிற்று. 1932-ல் முடிந்தது. படிப்படியாக இறங்கும் தளங்கள், நடுவே ஓடும் கால்வாய், வரிசை வரிசையாக நீரூற்றுகள். தேக்கிய நீரின் உயரமே நீரூற்றுக்கு வேகம் கொடுக்கும்படி அமைந்த இடம் அது. காலண்டரில் நாம் பார்க்கும் பிருந்தாவனம் இதுதான். எத்தனை சினிமாப் பாட்டுக்கு அங்கே ஓடி ஆடியிருக்கிறார்கள்!

அதே 1932-ல் கிரும்பிகல் ஓய்வு பெற்றார். அடுத்து லால்பாக்கின் தலைமைக்கு வந்தவர் எச்.சி. ஜவராயா. வெள்ளைக்காரர்களே உட்கார்ந்திருந்த நாற்காலியில் நம் நாட்டவர் உட்கார்ந்தார். அவர் கிரும்பிகலின் கீழ் வேலை பார்த்தவர். ஜவராயாவுக்குப் பின்னால் வந்த மரிகௌடா, தோட்டக்கலையை லால்பாக்கிலிருந்து கிராமத்து விவசாயியிடம் கொண்டுபோனார்.

கிரும்பிகல் ஊருக்குத் திரும்பவில்லை. பெங்களூரிலேயே தங்கினார். 1939-ல் மறுபடி போர். மறுபடி அவர் எதிரி நாட்டு ஆள். அப்போது வயது 73. மறுபடி காவல். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரத்தின் மீது குண்டு மழை பொழிந்தது. அவர் படித்த நகரம் இரண்டு நாளில் எரிந்து சாம்பலாயிற்று. பில்நிட்ஸ் கமேலியா மரம் மட்டும் இன்றும் இருக்கிறது. இப்போது குளிர்காலத்தில் அதை மூடத் தண்டவாளத்தில் நகரும் கண்ணாடி வீடு வைத்திருக்கிறார்கள்.

1956-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி கிரும்பிகல் பெங்களூரில் காலமானார். ஓசூர் சாலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். லால்பாக்கை ஒட்டிய ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்குள் அவர் பெயரால் ஒரு பழைய மண்டபமும் இருந்தது. தோட்டத் தொழில் பழகுகிறவர்களுக்குப் பாடம் நடந்த கட்டடம் அது. கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 2017-ம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது.

பாடம் நிற்கவில்லை. விவசாயிகளின் பிள்ளைகளுக்குக் கர்நாடகத் தோட்டக்கலைத் துறை லால்பாக்கில் இன்றும் பயிற்சி கொடுக்கிறது. அவர்களும் மண் சலிப்பதில்தான் தொடங்குகிறார்கள்.