மொலொக்காய்த் தீவின் அர்ச். தமியான்



சனிக்கிழமை சாயந்திரம் நம் கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் நாலைந்து பேர் வரிசையில் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழகிப்போன காட்சியாகையால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. சுவாமியாரும் பாவசங்கீர்த்தனம் செய்வாரா என்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் சில வேளை ஆச்சரியத்தோடு கேட்பார்கள். செய்யத்தான் வேண்டும். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அடுத்த பங்குச் சுவாமியாரிடம் போய்விடுவேன். இவ்வாரம் நான் சொல்லப்போகும் குருவானவருக்கு அந்தப் பாக்கியம் இருக்கவில்லை.

அவர் பெல்ஜியம் தேசத்தில் திரெமேலோ என்னும் கிராமத்தில் 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பிறந்தவர். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் சூசை. தகப்பனார் தானிய வியாபாரி. இந்த மகன் நல்ல திடகாத்திரமுள்ளவன், வியாபாரத்தைக் கவனித்துக்கொள்வான் என்று அவர் எண்ணியிருந்தார். மகனோ 1859-ல், தமையனார் பம்பிலஸ் ஏற்கெனவே சேர்ந்திருந்த சேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையில் தாமும் சேர்ந்து, தமியான் என்னும் பெயரை ஏற்றார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் வார்த்தைப்பாடு கொடுத்தபோது, அச்சபையின் வழக்கப்படி அவர் தரையில் கிடக்க, அவர்மேல் பிரேதப் போர்வையை விரித்தார்கள். இந்த மனிதன் உலகத்துக்கு மரித்துப்போனான் என்பது அதற்கு அர்த்தம். அந்தப் போர்வையை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

படிப்பு போதாது என்று அவரை முதலில் குருத்துவத்துக்கு ஏற்கவில்லை. தமையனாரிடம் லத்தீன் கற்றுக்கொண்டு பிறகு அந்த வரிசையில் சேர்ந்தார். நம்முடைய முத்துக்குளித்துறையில் போதித்த அர்ச். சவேரியாரின் படத்துக்கு முன் தினமும் முழந்தாளிட்டு, தமக்கும் தூர தேசத்து வேதபோதக ஊழியம் வேண்டுமென்று மன்றாடினார். ஜெபம் கேட்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். 1863-ல் பம்பிலஸ் ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்பட ஆயத்தமாயிருக்கையில், நோயாளிகளைச் சந்தித்ததில் விஷக்காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். தம்பி உடனே, மடத்துச் சிரேஷ்டரைத் தாண்டி, பாரிஸிலிருந்த சபைப் பெரிய சிரேஷ்டருக்கே எழுதி, அண்ணனுக்குப் பதிலாக உத்தரவு பெற்றுவிட்டார். இது கீழ்ப்படிதலுக்கு நல்ல மாதிரி என்று நான் சொல்லமாட்டேன். இந்த அவசர சுபாவம் கடைசிவரை அவரை விடவில்லை.

பல மாதக் கப்பல் பிரயாணம். 1864 மார்ச் 19-ந் தேதி, தம் ஞானஸ்நானப் பெயருக்குரிய அர்ச். சூசையப்பர் திருநாளன்று, ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். மே 21-ந் தேதி அங்கேயே குருப்பட்டம் பெற்றார். பிறகு ஹவாயின் பெரிய தீவில் ஒன்பது ஆண்டுகள் எரிமலை மண்ணில் நடந்தும் குதிரையேறியும் தம் கையாலேயே கோவில்கள் கட்டியும் உழைத்தார்.

அக்காலத்தில் அந்தத் தீவுகளில் குஷ்டரோகம் பரவியது. அரசாங்கம் 1865-ல் ஒரு சட்டம் செய்து, நோய் கண்டவர்களை மறு ஆண்டு முதல் மொலொக்காய்த் தீவுக்கு அனுப்பிற்று. அங்கே கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலம். மூன்று பக்கமும் அலைகடல், நாலாம் பக்கம் ஏறக்குறைய 2000 அடி உயரச் செங்குத்து மலை. புருஷனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்துக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். நோய்க் கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் என்னும் வைத்தியர் 1873-ல்தான் கண்டார். குணப்படுத்தும் மருந்து வந்தது 1940-களில். ஆகையால் அங்கே இறங்கியவர் திரும்புவது அரிது.

அதே 1873 மே மாதம் மெக்ரே மேற்றிராணியார் தம் குருக்களிடம், அந்த மக்களுக்குச் சுவாமியார் இல்லையே என்று வருந்திப் பேசினார். நான்கு இளங்குருக்கள் முன்வந்தார்கள். முறைவைத்துச் சில வாரங்கள் இருந்து திரும்புவதென்று ஏற்பாடு. முதல் முறை தமியான் சுவாமியுடையது. மே 10-ந் தேதி போய் இறங்கினார். பதினாறு ஆண்டுகள் இருந்தார்.

கலவாவோ என்னும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு வீடில்லை. அர்ச். பிலோமினம்மாள் பேரிலிருந்த சிறு கோவிலருகில் ஒரு தாழை மரத்தின் கீழ் படுத்துக்கொண்டார். நம் கடலோரத் தாழையின் இனந்தான் அது. புண்களின் துர்நாற்றம் தாங்காமல், புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். பூசை நடுவே எச்சில் துப்ப வேண்டியிருந்த நோயாளிகள் வெட்கி வெளியே நின்றதைப் பார்த்து, கோவில் பலகைத் தரையில் துவாரங்கள் வெட்டி அவர்களை உள்ளே வரச்செய்தார். அந்தத் துவாரங்கள் இன்றும் இருக்கின்றன. தண்ணீருக்குக் குழாய் பதித்தார். மரித்தவர்களுக்குத் தாமே மரம் இழைத்துப் பெட்டி செய்தார்; நூற்றுக்கணக்கான பெட்டிகள். பிரசங்கத்தில் நீங்கள் என்று சொல்லாமல், குஷ்டரோகிகளாகிய நாம் என்றே சொல்லிவந்தார். நோய் காண்பதற்குப் பல ஆண்டு முன்பே!

இனி நான் முதலில் தொட்ட காரியத்துக்கு வருகிறேன். போன சில மாதங்களில், அவரும் வெளியே வரக்கூடாதென்று சுகாதார அதிகாரிகள் தடை போட்டார்கள். அவருடைய சபைச் சிரேஷ்டர் கப்பலில் அவரைப் பார்க்க வந்தபோது, தலைவர் கரையிறங்கவும் கூடாது, இவர் கப்பலில் ஏறவும் கூடாது என்றாயிற்று. தமியான் சுவாமி ஒரு சிறு படகில் கப்பலண்டை போய், அலையில் ஆடிக்கொண்டே, மேலே தளத்தில் நின்ற சிரேஷ்டருக்குக் கேட்கும்படி தம் பாவங்களை உரக்கச் சொன்னார். கப்பலிலிருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். திரைக்குப் பின்னால் மெதுவாகச் சொல்லவே கூசும் நாம், அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பாவமன்னிப்புப் பெற்றுப் படகைத் திருப்பினார்.

பின்னர் தடை தளர்ந்தது. துணைக்கு வந்த சில குருக்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. குற்றம் அவர்கள்மேல் மட்டுமல்ல. 1884 கடைசியில் கொதிக்கும் தண்ணீரில் கால் பட்டு, தோல் பொங்கியும் வலி தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதென்று அறிந்தார். அதன் பிறகு வெகு நாள் அவர் ஒருவரே குரு. அக்கினியில் இட்டதுபோன்ற சோதனை அப்போதுதான். இங்கிலாந்திலிருந்து பிரிவினை சபையார் உட்படப் பலர் பணம் அனுப்ப, சிரேஷ்டர்கள் அவர் புகழ் தேடுவதாகச் சந்தேகித்தார்கள். தாம் மோட்சத்துக்குத் தகுதியற்றவர் என்ற இருளும் மனத்தைக் கவ்வியது. உடன்குருக்களின் துணையின்றி இருப்பது குஷ்டரோகத்தைவிடக் கொடிது என்று எழுதினார்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்? நற்கருணைப் பேழையில் சேசுநாதர் இராவிட்டால் தம்மால் அங்கே நிலைத்திருக்க முடிந்திராது என்று கடிதங்களில் திரும்பத் திரும்பத் தெரிவித்தார். தினமும் பூசை செய்தார். நோயாளிகளைக்கொண்டு இரவும் பகலும் முறைவைத்து நற்கருணை ஆராதனை நடத்தினார். நடக்கமாட்டாதவர்கள் தங்கள் முறை வந்தபோது படுக்கையிலேயே ஜெபித்தார்கள். சுடுகாடு போன்ற அந்த இடத்தில் கோவிலில் மட்டும் எந்நேரமும் ஆள் இருந்தது. அவருக்கும் அந்தகாரமான நாட்களில் போக ஓரிடம் இருந்தது.

1888-ல் கொன்ராடி சுவாமி வந்து சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் மரியான் தாயாரும் அவருடைய பிரான்சிஸ்கன் கன்னியரும் வந்தார்கள். கடைசியில் பக்கத்திலேயே ஆத்தும குரு கிடைத்தார். 1889 ஏப்ரல் 15-ந் தேதி, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, 49-ம் வயதில் மரித்தார். தாம் முதலில் படுத்துறங்கிய தாழை மரத்தடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் யாருக்குப் பதிலாகக் கப்பலேறினாரோ அந்தத் தமையனார் பம்பிலஸும் 1895-ல் மொலொக்காய்க்குப் போனார். இரண்டு ஆண்டுக்குள் ஊர் திரும்பினார். அவரை நான் குறை சொல்லேன்.

1936-ல் தமியான் சுவாமியின் சரீரத்தைப் பெல்ஜியம் கொண்டுபோனார்கள். 1995-ல் முத்திப்பேறு பட்டம் கிடைத்த பின், வலது கையை மட்டும் பழைய கல்லறைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2009 அக்டோபர் 11-ந் தேதி பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பு அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அவர் மொலொக்காயில் கால் வைத்த மே 10-ந் தேதியே அவருடைய திருநாள். அன்று காலைப் பூசைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே நான் தொட்டியில் இருப்பேன்.