பேராசிரியர் ஹால்டேனும் பிராணவாயுவும்

எம் ஊராகிய சரவணம்பட்டியில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் வானளாவி நிற்கின்றன. சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளும், கவலை ஓட்டி நீரிறைத்த கிணறுகளும் பெரும்பாலும் எம் பாட்டனாரின் வாய்ச்சொல்லிலேயே எஞ்சியுள்ளன. பாட்டனாரை அப்பாரு என்றழைப்பது கொங்குநாட்டு வழக்கு. நெடுநாள் இறைக்காது கிடந்த கிணற்றைத் தூர் வார இறங்குமுன், கயிற்றிலே விளக்கொன்றைக் கட்டி மெல்ல உள்ளே விடுவராம். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கார். விளக்கு எரியும் இடத்தில் மனிதன் வாழலாம் என்பது அப்பாரு கற்ற பாடம். எமக்கும் அவர் கற்பித்த பாடம்.

அந்த அப்பாருவே சென்ற ஆண்டு மருத்துவமனையிற் கிடந்தார். இளமையில் உழவராயிருந்து, பின்னர் முப்பது யாண்டு பஞ்சாலையில் உழைத்துப் பஞ்சுத்தூசியால் நுரையீரல் நைந்தவர் அவர். மூக்கிலே குழாய் பொருத்திப் பிராணவாயு செலுத்தியிருந்தனர். நள்ளிரவில் அவர் மூச்சு வாங்குவதைக் காணப் பொறாத யாம், வாயுவின் திருகை இன்னுஞ் சிறிது திறக்குமாறு செவிலியாரை மன்றாடினோம். அவர் நோயாளியின் விரலிற் செருகியிருந்த சிறு கருவியை நோக்கினார். நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் அளவு இவருக்குப் போதுமென்றும், இத்தகைய நோயாளர்க்கு மிகுதி கேடு தருமென்றும் கூறித் திருகைத் தொடாது சென்றார். யாம் சினந்தோம். உயிருக்கு ஆதாரமான காற்றை உழக்கில் அளந்து கொடுப்பதோ என்று எண்ணினோம். அப்பாரு பதினோராம் நாள் வீடு திரும்பினார். அந்நாள் முதல் எம் சினத்திற்கு விடைதேடிப் புகுந்தவிடத்தேதான் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பெருமகனாரின் வரலாறு எமக்கு எதிர்ப்பட்டது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர், சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஆங்கிலநாட்டு ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சின் இயல்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த அறிஞர். குழந்தை ஹால்டேன் ஒருநாள் கீழே விழுந்து நெற்றியிற் குருதி வழிய நின்றபொழுது, அக்குருதி பிராணவாயுவோடு கூடியதா, கரிப்புகை நஞ்சோடு கூடியதா என்று மருத்துவரை வினவினான் என்று கூறுவர். நான்கு வயதும் நிரம்பாத பிள்ளையின் வாயில் இவ்வினா பிறந்ததென்றால், அவ்வீட்டில் உணவு வேளையிற் பேசப்பட்டது யாது என்பதை நாம் எளிதில் உணரலாம்.

தந்தையார் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கி, வெடி விபத்தில் மாண்டோரின் குருதியை ஆராய்ந்தவர். அவருள் பெரும்பாலோர் நெருப்பாலன்றிக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சு வாயுவால் இறந்தனர் என்பதை 1896-இல் வெளியிட்டார். அவ்வாயு உள்ள இடத்தில் விளக்கு தடையின்றி எரியும், மனிதன் விழுவான். ஆதலின் விளக்கிற்குப் பதில் சிறு பறவையைக் கூண்டிற் கொண்டு செல்லுமாறு அவர் சுரங்கத்தார்க்கு அறிவுறுத்தினார். மற்றொன்று: காற்றிற் பிராணவாயு நூற்றில் இருபத்தொரு பங்கு உள்ளது, ஏறக்குறையப் பதினேழு பங்காகக் குறைந்தவுடன் விளக்கு அணையும், மனிதன் அந்நிலையிலும் உயிரோடிருப்பான். எனவே எம் அப்பாருவின் விளக்கு ஒருவகையில் மிகை எச்சரிக்கையுடையது. வேறொரு வகையிற் பொய் சொல்வது. இதனை அவரிடம் கூறியபொழுது அவர் நகைத்து, தம் காலத்துக் கிணற்றில் விளக்கைப் பொய்யென்று சொல்லி இறங்கியவன் எவனும் மேலே வந்து சாட்சி சொல்லவில்லை என்றார். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை.

தந்தையார் மகனையும் சுரங்கத்துள் அழைத்துச் செல்வார். ஒருகால் எரிவாயு கூரையடியில் தேங்கிநின்ற இடத்தில் அச்சிறுவனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் அந்தோணி நிகழ்த்தும் பேருரையை ஒப்புவிக்குமாறு பணித்தார். சில அடிகளிலேயே மூச்சுத் திணறிக் கால் தளர்ந்து சிறுவன் தரையில் விழுந்தான். அவ்வாயு காற்றினும் இலேசானது. தரையருகே காற்று நல்லதாயிருந்தது. ஆகவே விழுந்தவன் தானே தெளிந்தான். நாடகப் பேருரை பிறருக்கு மேடையிற் பயன்பட்டது. இவருக்கு மூச்சின் அளவுகோலாய்ப் பயன்பட்டது. 1906-இல் பதின்மூன்று வயதினராய், தம் உடலுக்குப் பெரிதான மூழ்குடையை அணிந்து, நீர் உட்புகப் புகக் கடலுள் இறங்கியதும் தந்தையாரின் ஆராய்ச்சிக்காகவே. தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கும் வழக்கம் இவருக்கு இங்ஙனம் தந்தைவழிச் சொத்தாக வாய்த்தது.

ஆக்ஸ்போர்டிலே கணிதமும் பின்னர்ப் பண்டைக் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும் பயின்றாரேயன்றி, விஞ்ஞானத்திற் பட்டம் பெற்றாரல்லர். இதனை எம் போன்ற இலக்கிய மாணவர் சற்றே மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். முதல் உலகப் போரிற் படையிற் சேர்ந்தார். 1915 ஏப்ரலில் ஜெர்மானியர் குளோரின் நச்சுக்காற்றை ஏவியபொழுது, அரசினர் தந்தையாரை அழைத்தனர். தந்தையார் மகனைப் போர்முனையினின்றும் வரவழைத்தார். குளோரின் நிறைந்த சிற்றறையுள் மாறி மாறி இருந்து முகமூடிகளைச் சோதித்தனர். அத்திணறல் தீராமுன்னரே முனைக்குத் திரும்பிய ஹால்டேன் மே மாதத்திற் காயமுற்றார். பிறகு மெசப்பொத்தேமியாவிலும் காயமுற்று, உடல் தேற இந்தியாவிற்கு அனுப்பப்பெற்றார். நம் நாட்டின்மேல் அவர் கொண்ட பற்று அக்காலத்தே வேரூன்றியது.

போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அவர் செய்த மரபியற் கணிதப் பணி பெரிது. அதனை விரிப்பின் இக்கட்டுரை எல்லை கடக்கும். அன்றியும் அக்கணிதம் எமக்கு விளங்கவில்லை. அவர் எழுதிய இரு சிறு கட்டுரைகளையே ஈண்டுக் குறிப்போம். 1926-இல் எழுதியதொன்று, பூச்சிகள் ஏன் யானையளவு வளரவில்லை என்பதற்கு விடை கூறுவது. பூச்சிக்கு நுரையீரல் இல்லை; நுண்குழாய்களின் வழியே காற்றுத் தானாகவே உட்பரவ வேண்டும்; அப்பரவல் மிகச் சிறு தூரமே விரைந்து நிகழும். ஆதலின் உடலின் பருமனுக்குப் பிராணவாயுவே எல்லை வகுக்கிறது. 1929-இல் எழுதிய மற்றொன்று உயிரின் தோற்றம் பற்றியது. ஆதியில் உலகைச் சூழ்ந்த காற்றிற் பிராணவாயு இல்லையென்றும், முதல் உயிர்கள் அதன் உதவியின்றியே வாழ்ந்தன என்றும், பின்னர்த் தோன்றிய பச்சையம் உடைய உயிர்களே அதனை வெளியிட்டன என்றும் அவர் எண்ணினார். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் காற்றில் அது பெருகத் தொடங்கியதெனப் பாறைகளைக் கொண்டு இன்று அறிஞர் கணித்துள்ளனர். அதற்கு முன் வாழ்ந்த உயிர்கட்கு அது அமுதன்று. புதிதாக வந்த நஞ்சு. பிராணன் என்று நாம் பெயரிட்ட பொருள் பிராணனுக்குப் பிந்திப் பிறந்ததென்பதைப் படித்தபொழுதே, அச்செவிலியார்மேல் யாம் கொண்ட சினம் பாதி தணிந்தது.

1939 ஜூன் முதல் நாள், தீட்டிஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. அதிலிருந்த 103 பேரில் நால்வரே தப்பினர். மாண்டாருள் தொழிலாளரும் பலராதலின், அவர்தம் சங்கங்கள் ஹால்டேனை அணுகின. ஸ்பெயின் உள்நாட்டுப் போரிற் பொருது மீண்ட தோழர் சிலரோடு அவர் இரும்பறையொன்றுள் அடைபட்டுக் கிடந்து, கரியமிலவாயு பெருகப் பெருகத் தலைநோவும் வாந்தியும் மயக்கமும் எவ்வாறு எய்துகின்றன என்று கண்டார். அடுத்து மூண்ட உலகப் போரிற் கடற்படையினர் இவ்வாராய்ச்சியைத் தொடருமாறு வேண்டினர். நீருக்கடியிற் பணிபுரியும் வீரர் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் குமிழி வெளிப்படாது, பகைவர் காணார். ஆயின் எவ்வளவு ஆழம் வரை அது உயிர் காக்கும்? எவ்விடத்தில் உயிர் வாங்கும்?

அவ்வாயு மிகின் கேடு என்பது முற்றிலும் புதுச் செய்தியன்று. 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட், மிகுந்த அழுத்தத்திற் பிராணவாயுவைச் சுவாசித்த உயிர்கள் வலிப்புற்று மாள்வதைக் காட்டியிருந்தார். மறுபுறம், தந்தை ஹால்டேனே 1895-இல் ஒரு விந்தை புரிந்தார். சுண்டெலியின் செங்குருதி முழுவதையும் கார்பன் மோனாக்ஸைடு பற்றிக்கொள்ளச் செய்து, அதனை இரு மடங்கு அழுத்தமுள்ள பிராணவாயுவில் வைத்தார். எலி சாகவில்லை, குருதிநீரிற் கரைந்த பிராணவாயுவே அதனைத் தாங்கியது. அழுத்தமிக்க பிராணவாயு தந்தையின் எலியைக் காத்தது. மகனின் முதுகை முறித்தது.

இரும்பறையில் அழுத்தத்தை உயர்த்தித் தூய பிராணவாயுவைச் சுவாசித்தார் ஹால்டேன். சுவையும் மணமும் அற்றதென்று நாம் பள்ளியிற் கற்ற அவ்வாயு, அவ்வழுத்தத்தில் நாவிற்குச் சுவை தருவதை உணர்ந்தார். முதலில் உதடு துடிக்கும். பின்னர் எச்சரிக்கையின்றியே வலிப்பு வரும். அத்தகையதொரு வலிப்பில் அவர்தம் முதுகெலும்பு நொறுங்கியது. அந்நோவு நெடுங்காலம் அவரை விட்டகலவில்லை. செவிப்பறையும் துளைபட்டது, புகை பிடிக்குங்கால் செவி வழியே புகையை வெளியிட்டு நண்பரை நகைப்பிக்க அது உதவுமென்று அவர் அமைதி கொண்டார். இத்தகைய சோதனைகளின் பயனாகத் தூய பிராணவாயுவோடு மூழ்குவோர்க்கு ஆழத்தின் எல்லை வகுக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பத்துமூன்றடி நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டும். அதற்குமேல் ஆழ்ந்தால் வலிப்பின் அச்சம் பெருகும்.

உடலுள் இவ்வாயு கேடு செய்யும் வழியைப் பின்வந்தோரே தெளிந்தனர். பிராணவாயு எலெக்ட்ரான் நான்கினை ஏற்று நீராகும்போதே நாம் உண்ட உணவின் ஆற்றல் நமக்குக் கிட்டுகிறது. நான்கினையும் ஒருசேர ஏலாது ஒன்றை மட்டும் பற்றி நழுவும் சிறு பகுதி, அடங்காக் காளைபோல உயிரணுவின் சுவரையும் உள்ளுறுப்பையும் முட்டிச் சிதைக்கும். பிராணவாயு நஞ்சும் எக்ஸ் கதிரின் தீங்கும் ஒரே வழியின என்று 1954-இல் ரெபேக்கா கெர்ஷ்மன் முதலியோர் கூறினர். அச்சிதைவாளியை அடக்கும் நொதி நம் உடலிலேயே உண்டென்று மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் கண்டனர். இவ்வுண்மைகள் தெளியுமுன் மேனாடுகளில் குறைமாதக் குழந்தைகட்கு அன்பு மிகுதியால் பிராணவாயுவை வரம்பின்றி அளித்தனர். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. 1951-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் காம்பெல் இத்தொடர்பைச் சுட்டினார். இன்று கோயம்புத்தூரிலும் குறைமாதக் குழந்தைகளின் கண்ணை மருத்துவர் முறையாகச் சோதிக்கின்றனர்.

எம் அப்பாருவின் நிலை இதனினும் வேறு. குருதியிற் பிராணவாயு நிறைந்தால் கரியமிலவாயுவைத் தாங்கும் அதன் திறன் குறையும். இதனைத் தந்தை ஹால்டேனும் உடனாய்ந்த கிறிஸ்டியான்சன், டக்ளஸ் என்னும் இருவரும் 1914-இல் காட்டினர். மருத்துவர் இன்றும் இதனை ஹால்டேன் விளைவு என்பர். வலிய நுரையீரல் உடையோர் அக்கரியமிலவாயுவை மூச்சாற் போக்கிவிடுவர். நைந்த நுரையீரலாற் போக்க இயலாது; அது தேங்கி நோயாளியை உறக்கம் போன்ற மயக்கத்தில் ஆழ்த்தும். காரணம் இதுவொன்றே அன்று. ஆயினும் இதுவும் ஒன்று. நூற்றுக்கு எண்பத்தெட்டு முதல் தொண்ணூற்றிரண்டு வரை என்பதே இத்தகையோர்க்கு வகுத்த அளவு. அன்றிரவு யாம் கேட்டபடி திருகு திறந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இப்பொழுதும் எண்ண அஞ்சுகிறோம்.

ஹால்டேன் குற்றமற்றவர் அல்லர். முன்கோபம் மிக்கவர், தாம் சார்ந்த பொதுவுடைமைக் கட்சியின்பொருட்டு, ரஷ்ய நாட்டு லைசென்கோவின் பிழையான கொள்கையை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார் என்பது அவர்தம் புகழில் ஒரு வடு. 1957-இல், சூயெஸ் கால்வாய்ப் போரில் தம் நாடு நடந்துகொண்ட முறையை வெறுத்து, மனைவியார் ஹெலன் ஸ்பர்வேயோடு கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தார். ஜிப்பா அணிந்தார், புலால் மறுத்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். அங்கும் கருத்து வேறுபட்டு விலகி, 1962-இல் புவனேசுவரம் சென்று ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். விலைமிக்க கருவியின்றிக் கண்ணும் பொறுமையும் கொண்டே நம் நாட்டு இளைஞர் ஆராய இயலுமென்பது அவர் கொள்கை.

1964-இல் குடலிற் புற்றுநோய் கண்டது. அந்நோயைப் பற்றியே நகைச்சுவைச் செய்யுள் ஒன்றை மருத்துவமனையிலிருந்து இயற்றினார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் இறந்தார். தம் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாமென்று முன்னரே எழுதி வைத்திருந்தார். அதன்படி ஆந்திர நாட்டுக் காக்கிநாடாவிலுள்ள ரங்கராய மருத்துவக் கல்லூரி மாணவர் பயிலுமாறு அவ்வுடல் அனுப்பப்பட்டது. இரும்பறையிற் பிராணவாயு நொறுக்கிய முதுகெலும்பும் அவ்வுடலோடு அவர்களிடம் சென்றது.