கோவை ஜி. டி. நாயுடு வண்டி பயின்ற வரலாறு

தாம்பரம் புகைவண்டி நிலையத்திற்கு அணித்தாகத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மாலை வேளையில் சிறிது நேரம் நிற்போர், மோட்டார் சைக்கிளிற் செல்லும் வாலிபர் பலரைக் காண்பர். அவருள் புதிதாகப் பயில்வோரை இனங்காணுதல் எளிது. கைப்பிடியைத் திருகியவுடன் வண்டி முன்னே பாய, ஏறியிருப்பவர் முகத்தில் களிப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். அக்களிப்பைப் பழிப்பது எமது கருத்தன்று. அஃது இளமைக்கு இயல்பே. ஆயினும், பெருங்களத்தூர், வண்டலூர் என நீளும் அச்சாலையின் அகலத்தைக் கண்டு, பயின்ற மூன்றாம் நாளே வண்டியின் முழு வேகத்தையும் அறிய விழைவார் உளர். வண்டியின்மேற் கொண்ட வேட்கையில் இவர்க்குச் சற்றும் இளையாத ஒருவர், அவ்வேட்கையை அடக்கியாண்டு வண்டியைத் தம் வயப்படுத்திய வரலாறு நம் நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு, 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், கோவையைச் சார்ந்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் பொருந்தவில்லை. தந்தையாரின் நிலத்தில் வேலை செய்துகொண்டே, கைக்கெட்டிய தமிழ் நூல்களைத் தாமே படித்து அறிவைப் பெருக்கி வந்தார்.

அவர்க்கு ஏறத்தாழ இருபது பிராயம் இருக்கும்போது, வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். அது 1912-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட ரட்ஜ் என்னும் வண்டி. இங்கிலாந்திலுள்ள கவெண்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையினின்றும் வந்தது. மாடோ குதிரையோ பூட்டப்படாமல், மிதிப்பாரும் இல்லாமல், பேரொலியுடன் தானே விரையும் அவ்விரு சக்கர வண்டி, மாட்டு வண்டியன்றி வேறறியாத ஓர் உழவர் மகனுக்கு எத்துணை வியப்பை விளைத்திருக்கும் என்பதை நாம் இன்று உள்ளவாறு உணர்தல் அரிது. அதனைத் தமதாக்கிக்கொள்ளல் வேண்டும் என்னும் ஆசை அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆசைக்கு ஏற்ற பொருள் கையில் இல்லை. நாயுடு ஊரைவிட்டுக் கோவைக்குச் சென்று, ஒரு ஹோட்டலில் உணவு பரிமாறும் பணியாளராக அமர்ந்தார். சொந்த நிலத்தில் உழுதுண்ட குடியிற் பிறந்தவர் பிறர்க்கு இலையிட்டுப் பரிமாறிக் கூலி பெற முன்வருதல் எளிதன்று. ஒரு நாள் இரு நாளன்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவ்வேலையைச் செய்து, காசு காசாகச் சேர்த்து, முடிவில் அந்த உத்தியோகஸ்தரிடமே சென்று அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். காத்திருந்த அம்மூன்று ஆண்டுகளையே அவர் வண்டி பயின்ற முதற்பாடமாக யாம் கொள்வோம்.

இரண்டாம் பாடம் அதனினும் வியக்கத்தக்கது. நெடுநாள் விரும்பிய பொருள் கைக்கு வந்தவுடன் அதன்மேல் ஏறி ஊர் சுற்றி வருதலே உலக வழக்கம். நாயுடுவோ வண்டியின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிரித்து, இன்ன உறுப்பு இன்ன தொழில் செய்கிறது என ஆராய்ந்து, மீண்டும் பூட்டிப் பழகினார். கற்பிப்பாரும் இல்லை, கற்பதற்குரிய ஆங்கில நூலும் அவர்க்கு எட்டாதது.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்களின் தன்மையை அறிந்தார்க்கே இச்செயலின் அருமை விளங்கும். இக்காலத்து வண்டிகள் தாமே செய்துகொள்ளும் பலவற்றை அந்நாளில் ஓட்டுவோரே செய்தல் வேண்டும். பெட்ரோலாவியுடன் காற்றுக் கலக்கும் அளவையும், தீப்பொறி தெறிக்கும் நேரத்தையும் கைப்பிடியருகே உள்ள சிறு நெம்புகோல்களால் இடையறாது ஒழுங்குபடுத்தல் வேண்டும். பொறியின் சுழற்சி ஒரு வாரினாலே பின்சக்கரத்திற்குச் செல்லும். மழைக்காலத்தில் அவ்வார் வழுக்கும். பிரேக்கும் வலியுடையதன்று. உள்ளுறுப்புக்களின் இயல்பறியாது களிப்பொன்றையே துணைக்கொண்டு ஓட்டுவோர் நடுவழியில் நிற்பர், அன்றேல் வீழ்வர். நாயுடு வண்டியை அறிந்தார். அறிந்தமையால் அதனை எவ்வளவு விரட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதையும் அறிந்தார்.

நிற்க. அறிவு மட்டும் போதுமோ எனின், அக்காலத்தவரே ஆகிய மற்றொருவர் வாழ்வை நோக்குதல் தகும். அரபு நாட்டுப் போரிற் பெரும்புகழ் பெற்ற லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், பிரஃப் சுப்பீரியர் என்னும் விரைவு மிக்க மோட்டார் சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, பல்லாயிர மைல் ஓட்டியவர். இயேசு பெருமான் யாக்கோபுக்கும் யோவானுக்கும் இட்ட, இடிமுழக்க மக்கள் எனப் பொருள்படும் பொவனெர்கேஸ் என்னும் பெயரையே தம் வண்டிக்கு இட்டு வழங்கினார். அவரினும் தேர்ந்தவர் சிலரே. அங்ஙனமிருந்தும், 1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், தம் வீட்டுக்கருகில் சாலைப் பள்ளம் ஒன்றைக் கடக்கையில் எதிர்ப்பட்ட சைக்கிட் சிறுவர் இருவரை விலக்க முயன்று தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46-ஆம் அகவையில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவராகிய கெய்ர்ன்ஸ் என்பார், தலைக்காயத்தால் நேரும் இத்தகைய இறப்புக்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார்; இன்று நாம் அணியும் தலைக்கவசம் பரவியதற்கு அவ்வாராய்ச்சி பெரிதும் காரணமாயிற்று. நம் வாலிபருள் சிலர் அதனைக் கையில் மாட்டிக்கொண்டு செல்கின்றனர். கெய்ர்ன்ஸ் ஆராய்ந்தது முழங்கையை அன்று.

இனி நாயுடுவின் வரலாற்றுக்கு மீள்வோம். வண்டியிற் காட்டிய அடக்கத்தை அவர் எல்லாவற்றிலும் காட்டினார் என்று கூறின் அது பொய்யாகும். முதல் உலகப்போர்க் காலத்தில் பருத்தித் தொழிலிற் பொருளீட்டிய அவர், மேலும் பெருக்க விரும்பிப் பம்பாய்ச் சந்தைக்குச் சென்று, ஈட்டியதை இழந்து வெறுங்கையராய்த் திரும்பினார். இரும்பாலாகிய பொறியைப் பிரித்துப் பார்த்து அறியலாம். விலையேற்றம் என்னும் பொறியை அங்ஙனம் பிரித்துப் பார்த்தல் இயலாது போலும்!

அந்நிலையில் அவர்க்குக் கைகொடுத்தது பழைய வண்டிப் பயிற்சியே. கோவையிற் பெருந்தொழில்கள் நடாத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவி பெற்று, 1920-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். முன்னர்த் தம் ஓருயிரை மட்டும் தாங்கி ஓடிய கை, இப்போது உழவரும் வணிகரும் பழனியாண்டவரைத் தொழச் செல்லும் குடும்பத்தாருமாகிய பலர் உயிரைத் தாங்கிற்று. குறித்த காலத்திற் புறப்பட்டுக் குறித்த காலத்திற் சேர்தலே அவர் பஸ்களின் சிறப்பாயிற்று. அவ்வொரு பஸ்ஸினின்றும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனம் வளர்ந்தது.

பின்னாட் செயல்கள் பலரும் அறிந்தவை. 1937-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குக் குடியேறிய அதே ஆண்டில், இந்நாட்டில் ஆக்கப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று போற்றப்படுவது அவர் முயற்சியால் கோவையில் உருவாயிற்று. 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியற் கல்லூரி அமையத் துணை நின்றார். பொறியியல் கற்க நான்கு ஆண்டு வேண்டுவதில்லை என வாதிட்டு, அரசாங்கத்தார் இணங்காமையால் அதனின்று விலகினார். கல்லூரி மாணவராகிய நமக்கு இஃது இனிக்கும்; ஆனால் நான்கு ஆண்டு வேண்டா என்றவர், ஒரு வண்டிக்காக மூன்று ஆண்டு இலையிட்டவர் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் நேர்மையாகும்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தம் 80-ஆம் அகவையில் அவர் காலமானார். அவர் திரட்டியனவும் ஆக்கியனவுமாகிய பொறிகள் பலவற்றைக் கோவை அவிநாசிச் சாலையில் அவர் பெயர் விளங்கும் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம்.